மெல்ல வேகட்டும், செலவு குறையட்டும்: பெரிய குடும்பத்துக்கு 30 ஸ்லோ குக்கர் குறிப்புகள்

டொரன்டோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று எங்கே போனாலும், மூன்று தலைமுறை ஒரே வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கலாம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், கல்யாணமாகாத தம்பி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று எட்டு ஒன்பது பேர். காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். டிசம்பரில் மாலை ஐந்து அடிப்பதற்கு முன்பே இருட்டிவிடும். குளிரில் களைத்து வந்தவர் எட்டுப் பேருக்கு அடுப்பில் நின்று சமைப்பது லேசான காரியம் அல்ல. முடியாத நாளில் வெளியே ஆர்டர் செய்கிறோம்; மாதக் கணக்கில் துண்டு விழுவது அங்கேதான்.

இந்த வீடுகளுக்கு ஸ்லோ குக்கர் பெரிய துணை. அதை வைத்துச் சிக்கனமாகச் சமைக்க ஒரு விஷயம் மனதில் பதிந்தால் போதும்: கடையில் விலை குறைவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வேக நேரம் பிடிப்பவை. எலும்புக்கறி, காய்ந்த பயறு, கிழங்கு எல்லாம் அந்த ரகம். சீக்கிரம் வேகும் பொருளுக்குத்தான் அதிகம் கொடுக்கிறோம். வேகும் நேரத்தை நாம் தந்துவிட்டால் அந்தக் காசு மிச்சம்.

குக்கர் வாங்கும்போது

1. எட்டுப் பேர் வீட்டுக்கு 6 குவார்ட் குக்கர் குறைந்தபட்சம் வேண்டும். 6 குவார்ட் என்பது ஏறத்தாழ 5.7 லிட்டர். பாதிக்கும் குறையாமல், முக்கால் அளவைத் தொடாமல் நிரப்பினால்தான் சீராக வேகும். ஆகவே கையில் கிடைப்பது மூன்றரை லிட்டர் குழம்பு. பத்துப் பேருக்கு மேல் என்றால் 8 குவார்ட் வாங்குங்கள். பெரிய குக்கரில் கொஞ்சமாகப் போட்டுச் சமைத்தால் ஓரம் பிடித்துக் கருகும்.

2. புதிதுதான் வேண்டும் என்று இல்லை. பழைய பொருள் விற்கும் கடைகளில் நல்ல குக்கர் மலிவாகக் கிடைக்கும். உள்பாத்திரத்தில் விரிசல், ஒயரில் கிழிசல் இல்லையா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதிக்குச் சற்று மேல் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, குறைந்த சூட்டு அமைப்பான லோவில் 8 மணி நேரம் விடுங்கள். மூடியைத் திறந்த உடனே சமையல் தெர்மாமீட்டரால் அளந்தால் சுமார் 85 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் அந்தக் குக்கர் இறைச்சிக்கு லாயக்கில்லை.

3. ஊருக்குப் போகும்போது கனடாவில் வாங்கிய குக்கரை அம்மாவுக்கு எடுத்துப் போகாதீர்கள். இங்கே 120 வோல்ட், இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். பிளக்கை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது, குக்கர் எரிந்துவிடும்.

4. நாள் முழுக்க ஓடினால் கரண்ட் பில் ஏறாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். 200 வாட் இழுக்கும் குக்கர் 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட்தான். ஒன்டாரியோவில் நேரத்துக்கேற்ற கட்டணம் கட்டும் வீடுகளுக்கு வேலைநாளில் இரவு 7 முதல் காலை 7 வரையும், சனி ஞாயிறு முழுவதும் மலிவு நேரம். 2023 மே மாதம் வந்த இன்னொரு திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை இன்னும் மலிவு. ஆனாலும் கரண்டில் மிஞ்சுவது சில்லறைதான். பெரிய மிச்சம் கடைக்கூடையில் இருக்கிறது.

கூடையில் எதைப் போடுவது

5. முதலிடம் பயறுக்கு. ஸ்லோ குக்கர் பிறந்ததே பயற்றுக்காகத்தான். சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன் என்ற பொறியாளர், லித்துவேனியாவிலிருந்து வந்த தன் அம்மா சொன்ன கதையைக் கேட்டு இதை உருவாக்கினார். அங்கே யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலை பயறும் கறியும் போட்ட பானையை ஊர் ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்களாம். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நாக்சனுக்கு 1940இல் காப்புரிமை கிடைத்தது; பயறு வேகவைக்கும் கருவியாகத்தான் முதலில் அதை விற்றார். 1971இல் க்ராக் பாட் என்ற பெயரில் வந்த பிறகு வீட்டுக்கு வீடு பரவியது.

காய்ந்த பயறு எவ்வளவு லாபம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கப் கொண்டைக்கடலை வெந்தால் ஏழெட்டுக் கப் ஆகும். 540 மில்லி டின் ஒன்றில் தண்ணீர் வடித்தால் 2 கப் போலத்தான் தேறும். கிட்டத்தட்ட நான்கு டின் வாங்கும் காசை மூன்று கப் கடலை மிச்சப்படுத்துகிறது.

6. ராஜ்மாவை மட்டும் ஊறவைத்த கையோடு ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. இது கட்டாயம். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. நன்கு கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாததோடு, அரைவேக்காட்டில் வீரியம் கூடவும் செய்யும். நாலைந்து பயறு தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு குக்கருக்கு மாற்றுங்கள். பிரஷர் குக்கரில் ஒரு சுற்று வேகவைத்து மாற்றினாலும் சரிதான். காராமணி, மொச்சை போன்ற பெரிய பயறுகளுக்கும் இந்தக் கொதியைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

7. ஆட்டுக்கறியிலும் மாட்டுக்கறியிலும் கழுத்து, சப்பை, முன்கால் பகுதிகளைக் கேளுங்கள். அதிகம் உழைத்த தசை என்பதால் அங்கே நார் அதிகம். அதனால்தான் விலை குறைவு. அந்த நாரில் இருக்கும் கொலாஜன் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகும்போது கரைந்து ஜெலட்டின் ஆகிறது. குழம்பு உதட்டில் ஒட்டுகிற மாதிரி கெட்டியாவது அதனால்தான். கொழுப்பில்லாத தொடைக்கறியை இதில் போட்டால் சக்கையாகிவிடும். கூடுதல் விலை கொடுத்ததுதான் மிச்சம்.

8. கோழியில் எலும்புள்ள தொடையும் காலும் வாங்குங்கள். தோலுரித்த நெஞ்சுக்கறியைவிட விலை குறைவு, ஸ்லோ குக்கரில் ருசியும் அதிகம். பெரிய பொட்டலமாக வாங்கித் தோலை வீட்டிலேயே உரித்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். முழுக்கோழி வாங்கினால் கழுத்தையும் முதுகெலும்பையும் எறியாமல் தனிப் பையில் சேருங்கள், கஞ்சிக்கு உதவும்.

9. பனிக்காலத்தில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் விமானம் ஏறி வந்து விலையும் ஏறி நிற்கும். அந்த மாதங்களில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், டர்னிப், பீட்ரூட், பூசணி வகைகள் மலிவு. உருளையும் வெங்காயமும் 10 பவுண்டு மூட்டையாக வாங்குவது பெரிய குடும்பத்துக்குத்தான் கட்டும். இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள். உருளை சீக்கிரம் முளைவிடும்.

10. கறி குறைவாக இருக்கும் நாளில் மீல்மேக்கரும் முட்டையும் கைகொடுக்கும். கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்த மீல்மேக்கரை வேகும் நேரத்தின் இரண்டாவது பாதியில் சேருங்கள். அவித்து உரித்த முட்டையைக் கடைசி 20 நிமிடத்தில் போட்டால் போதும். இவற்றைச் சேர்த்தால் ஒரு கிலோ கறியில் எட்டுப் பேர் நிறைவாகச் சாப்பிடலாம்.

சமைக்கும் முறை

11. பாதி வேலையை முந்தின இரவே முடியுங்கள். காயை நறுக்கி ஒரு டப்பாவிலும் கறியைக் கழுவி இன்னொரு டப்பாவிலும் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் வையுங்கள். எல்லாவற்றையும் குக்கரின் உள்பாத்திரத்திலேயே போட்டுக் குளிரவைத்தால் காலையில் சூடேற நேரம் பிடிக்கும். ஜில்லென்ற பாத்திரம் திடீர்ச் சூட்டில் விரிசல் விடவும் கூடும். பூண்டு உரிப்பதையும் கொத்தமல்லி ஆய்வதையும் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

12. பச்சை வெங்காயத்தை அப்படியே போட்டால் எட்டு மணி நேரம் கழித்தும் பச்சை வாடை போகாது. அதற்கு ஒரு நல்ல வழி, வெங்காயத் தொக்கு. ஞாயிறு இரவு 3 கிலோ வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, கால் கப் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி உப்புடன் குக்கரில் போட்டு லோவில் 10 மணி நேரம் விடுங்கள். காலையில் பொன்னிறமாகச் சுருங்கியிருக்கும். மூடியைச் சாய்த்து வைத்து ஹையில் இன்னும் ஒரு மணி நேரம் வற்றவிடுங்கள். இஞ்சி பூண்டு விழுதைத் தனியே வதக்கிச் சேர்த்து, கப் கப்பாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். வாரம் முழுவதும் வதக்கும் வேலை மிச்சம். தொக்கிலேயே உப்பு இருப்பதால் குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

13. அடுக்கும் முறை முக்கியம். ஸ்லோ குக்கரில் கறியைவிடக் கிழங்குதான் மெல்ல வேகும். உருளை, கேரட், டர்னிப்பை அடியிலும் ஓரத்திலும் பரப்பி அதன்மேல் கறியை வையுங்கள். கிழங்கைப் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரே சீராக வெட்டுங்கள்.

14. இதில் தண்ணீர் வற்றாது. மூடியில் படியும் ஆவி திரும்பப் பாத்திரத்துக்கே விழும். அடுப்பில் வைக்கும் குழம்புக்கு ஊற்றுவதில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். கோழிக்கு அரைக் கப் போதும், அதுவே நீர் விடும். காய்ந்த பயறுக்கும் பருப்புக்கும் இந்தக் கணக்கு கிடையாது. அவை குடிக்கும் தண்ணீரைக் கொடுத்தாக வேண்டும்.

15. புளியும் தக்காளியும் பயறு வெந்த பிறகே. புளிப்பு சேர்ந்தால் பருப்பும் பயறும் எத்தனை மணி நேரமானாலும் விரைப்பாகவே நிற்கும். மாலையில் வந்ததும் பயறை விரலால் நசுக்கிப் பாருங்கள். வெண்ணெயாக மசிந்தால் புளிக்கரைசலை ஊற்றலாம். உங்கள் ஊர்த் தண்ணீர் கடினமானது என்றால் பயறு ஊறும்போது கால் டீஸ்பூன் சமையல் சோடா சேருங்கள். அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள்.

16. பட்டை, கிராம்பு, ஏலக்காய் வழக்கத்தில் பாதி போதும். நெடுநேரம் வேகும்போது அவற்றின் காரமும் கசப்பும் ஏறிவிடும். மிளகாய்த்தூள், மல்லித்தூளை ஒரு கரண்டி எண்ணெயில் மணம் வரப் புரட்டிய பிறகே சேருங்கள். இந்த இரண்டு நிமிட வேலையை விட்டால் குழம்பில் தூள் வாடை நிற்கும்.

17. மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த சூட்டை மீட்க இருபது நிமிடம் வரை ஆகும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் கிண்டிப் பார்க்கக் கை பரபரக்கும். கண்ணாடி மூடி வழியே பார்த்தாலே போதும் என்று அன்பாகச் சொல்லிவையுங்கள்: “அத்தே, கிண்டாமலே வெந்துடும். நீங்க சாயங்காலம் வந்து உப்புப் பாத்துச் சொல்லுங்க.”

18. தேங்காய்ப்பால், பால், தயிர் கடைசி அரை மணி நேரத்தில்தான். முன்கூட்டியே ஊற்றினால் திரிந்துவிடும். கீரை, பட்டாணி, குடைமிளகாய் ஆகியவையும் அப்போதுதான். பத்துப் பதினைந்து நிமிடச் சூட்டிலேயே பதமாகிவிடும்.

19. தாளிப்பைக் கடைசியில் கொட்டுங்கள். நாள் முழுக்க வெந்த குழம்பு மணம் மங்கியிருக்கும். சாப்பிட உட்காரும் முன் கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாயைச் சூடான எண்ணெயில் பொரித்து மேலே ஊற்றினால் சொய்யென்ற சத்தத்தோடு வீடே மணக்கும். பெரிய குடும்பத்தில் காரம் எல்லோருக்கும் ஒத்துவராது. குழம்பைக் குறைந்த காரத்தில் வேகவைத்து, பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மிளகாய்த்தூள் பொரித்த தாளிப்பைப் போடுங்கள். சமையல் ஒன்று, ருசி இரண்டு.

20. லோ, ஹை இரண்டும் கடைசியில் எட்டுவது கொதிநிலையை ஒட்டிய ஒரே சூட்டைத்தான். போய்ச் சேரும் நேரம்தான் வேறு. லோவில் 8 மணி நேரம் ஆவது ஹையில் 4 மணி நேரம் போல. வேலைக்குப் போகும் நாளில் லோ, வீட்டில் இருக்கும் நாளில் ஹை. முடிந்தால் முதல் ஒரு மணி நேரம் ஹையில் விட்டுப் பிறகு லோவுக்கு மாற்றுங்கள்.

இவற்றில் விளையாட்டு வேண்டாம்

21. உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும் சூடு. உறைந்த கட்டி உருகி அந்த எல்லையைத் தாண்டப் பல மணி நேரம் ஆகிவிடும். முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள். பிறகு தொடங்கும்படி டைமர் வைக்கும் குக்கரில் கறியைப் போட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க விடாதீர்கள். நேற்றைய குழம்பைச் சூடாக்கவும் ஸ்லோ குக்கர் ஆகாது; அடுப்பில் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள்.

22. பனிப்புயலில் கரண்ட் போனால் என்ன செய்வது? வீட்டில் இருந்தால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி முடித்துவிடுங்கள். வெளியே இருந்தபோது கரண்ட் போய், எத்தனை மணி நேரம் நின்றது என்று தெரியாவிட்டால், பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். வீட்டில் குழந்தையும் முதியவரும் இருக்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டின் நஷ்டம் பெரிதல்ல.

23. சூடான உள்பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பு மேல் வைக்காதீர்கள், பீங்கான் வெடிக்கும். குக்கரைச் சுவரை ஒட்டாமல் வைத்து, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். ஒயர் மேடையின் விளிம்பில் தொங்கினால் தவழும் பிள்ளை இழுத்துவிடும்.

எட்டுப் பேருக்கு அளவோடு ஐந்து

24. சாம்பார்: துவரம்பருப்பு 2 கப் கழுவி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். முள்ளங்கி, கேரட், டர்னிப் சேர்த்து முக்கால் கிலோ. தண்ணீர் 7 கப், மஞ்சள்தூள், ஒரு கரண்டி எண்ணெய். லோவில் 8 மணி நேரம். மாலையில் மத்தால் கடைந்து, எலுமிச்சை அளவு புளிக்கரைசல், உப்பு சேர்த்து ஹையில் 40 நிமிடம். 3 மேசைக்கரண்டி சாம்பார்பொடியைத் தாளிப்பு எண்ணெயில் புரட்டி ஊற்றுங்கள். சோற்றுக்கு ரைஸ் குக்கர்தான் சரி. ஸ்லோ குக்கரில் சோறு உதிரியாக வராது.

25. கொண்டைக்கடலைக் குழம்பு: கறுப்புக் கடலை 3 கப் இரவு முழுவதும் ஊறி, அடுப்பில் 10 நிமிடம் கொதித்து, குக்கருக்கு வரட்டும். கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர், 2 கப் வெங்காயத் தொக்கு. லோவில் 8 மணி நேரம். வெந்த கடலையில் இரண்டு கரண்டி எடுத்து அரைத்துத் திரும்பச் சேர்த்தால் தேங்காய் இல்லாமலே கெட்டியாகும். பிறகு 3 தக்காளி அரைத்த விழுது, குழம்புத்தூள், உப்பு சேர்த்து ஹையில் முக்கால் மணி நேரம்.

26. கோழி உருளைக் குழம்பு: உருளை ஒரு கிலோ அடியில். அதன்மேல் எலும்புள்ள கோழித் துண்டு 2 கிலோ. தொக்கு 2 கப், எண்ணெயில் புரட்டிய மசாலாத்தூள் 4 மேசைக்கரண்டி, தக்காளி 3, தண்ணீர் அரைக் கப். லோவில் 6 மணி நேரம். கறியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் தாண்டியிருக்க வேண்டும். கோழிக்கு ஒன்பது பத்து மணி நேரம் அதிகம், நார்நாராகிவிடும். சூட்டை மட்டும் காக்கும் வார்முக்குத் தானாக மாறும் குக்கர் இல்லாவிட்டால் இதை யாராவது வீட்டில் இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

27. நோன்புக் கஞ்சி: ரமலானில் பள்ளிவாசல்களில் பெரிய அண்டாவில் மெல்லக் காயும் கஞ்சி இந்தக் குக்கருக்கு என்றே அமைந்தது. பச்சரிசி 2 கப், பாசிப்பருப்பு அரைக் கப், வெந்தயம் ஒரு டீஸ்பூன், பூண்டு 15 பல், அடுப்பில் வதக்கிய கொத்துக்கறி கால் கிலோ, தொக்கு ஒரு கப், கேரட், தண்ணீர் 13 கப். லோவில் 6 மணி நேரம். கடைசியில் ஒரு கப் தேங்காய்ப்பால், புதினா, மல்லித்தழை. கறிக்குப் பதில் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர் ஊற்றினால் செலவு இன்னும் குறையும். காய்ச்சலில் கிடப்பவர் முதல் பல் இல்லாத பாட்டி வரை எல்லோருக்கும் ஆகும்.

28. ஆட்டுக்கால் பாயா: சுட்டுச் சுத்தம் செய்து வெட்டிய கால் 8. அடுப்பில் 5 நிமிடம் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு இஞ்சி பூண்டு விழுது, தொக்கு ஒரு கப், மிளகு, சீரகம், மஞ்சள், மூழ்கும் அளவு வெந்நீர். இரவு 9 மணிக்கு லோவில் வைத்தால் காலை 7 மணிக்கு எலும்பைத் தூக்கும்போதே தசை வழுக்கி விழும். தேங்காய்ப்பால் ஊற்றி அரை மணி நேரம் கழித்து இறக்குங்கள். ஞாயிறு காலை இடியாப்பத்துக்கு ஊற்றி, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து, இரவு கொதிக்கவைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

மிச்சமும் வாரத் திட்டமும்

29. சாப்பிட்டு முடிந்ததும் மீதியைக் குக்கரிலேயே விடாதீர்கள். வார்மில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குக்கரை அணைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். இன்றைய கடலையில் தாளிக்கும் முன் இரண்டு கப் எடுத்துவைத்தால் நாளை பிள்ளைகளுக்குச் சுண்டல். மிஞ்சிய கோழியை உதிர்த்துச் சப்பாத்தியில் சுருட்டினால் மதியச் சாப்பாட்டு டப்பா தயார். கெட்டியான சாம்பாரில் ரவையும் காயும் சேர்த்தால் மறுநாள் கிச்சடி.

30. வாரத்துக்கு ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஞாயிறு தொக்கும் பாயாவும், திங்கள் சாம்பார், செவ்வாய் கொண்டைக்கடலை, புதன் எலும்புத் தண்ணீர்க் கஞ்சி, வியாழன் எலும்புக்கறிக் குழம்பு, விரதம் இருப்பவர்களுக்காக வெள்ளி ராஜ்மா, சப்பாத்தி, சனி வீட்டில் ஆள் இருக்கும் நாள் என்பதால் கோழி. இந்த ஏழு நாளில் கறி வருவது மூன்று நான்கு நாள்தான், அதுவும் விலை குறைந்த பகுதி. பட்டியலை வைத்துக் கடைக்குப் போனால் தேவையில்லாதது கூடைக்குள் வராது. எடுத்த எடுப்பிலேயே ஏழு நாளும் முடியாவிட்டால், நீங்கள் அடிக்கடி வெளியே ஆர்டர் செய்யும் இரண்டு நாள் எவை என்று பாருங்கள். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் குக்கரை வையுங்கள். மாதக் கடைசியில் பில்லைக் கூட்டிப் பார்த்தால், அடுத்த மாதம் மூன்றாவது நாளைச் சேர்க்க வீட்டில் எல்லோருமே சம்மதிப்பார்கள்.